குழிக்குப் பால் காய்ச்சிய சாரதாம்பாள்

மலாய் நாட்டுக் காஜா பேராங்கில் பெரிய பயந்தாங்கொள்ளி யார் என்று கேட்டால், நடை பழகும் குழந்தைகூடச் சாரதாம்பாள் டீச்சர் வீட்டைக் காட்டும். அதில் டீச்சருக்கு ஒரு வருத்தமும் இல்லை. கேட்டு வந்தவரை உட்காரவைத்து, எதற்கெல்லாம் பயம், எதற்கெல்லாம் பயமில்லை என்று அவரே விளக்கிச் சொல்லுவார். பல்லிக்குப் பயமில்லை; பல்லி பொத்தென்று விழும் சத்தத்துக்குத்தான் பயம். பேய்க்குப் பயமில்லை, பேய் வந்தால் கதவு படாரென்று சாத்திக்கொள்ளுமாமே, அந்தப் படாருக்குத்தான் பயம்.

வகுப்பில் இருக்கும்போது இடி இடித்தால் பிள்ளைகள் டீச்சரைத் தேடமாட்டார்கள். மேசைக்கு அடியில் இருப்பார் என்று தெரியும். கனத்த மேசை அது. நாலு பேர் சேர்ந்தால்தான் நகரும். இடி ஓயும்வரை பாடம் அதற்கு அடியிலிருந்துதான் நடக்கும். பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பார்கள். யாராவது தப்பாகச் சொன்னால் மேசைக்கு அடியிலிருந்து பிரம்பு மட்டும் எட்டிப் பார்க்கும். "நான் இடிக்குப் பயப்படுறேன், நீங்க எனக்குப் பயப்படுங்க, கணக்கு சரியாப் போச்சு" என்பார்.

புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அப்பா பால்மரம் வெட்டியவர். தோட்டத்துப் பள்ளியில் இருந்ததையெல்லாம் படித்து முடித்தபோது அங்கே பாடம் சொல்ல ஆளில்லாமல் போனதால், படித்த பெண்ணையே டீச்சராக்கிவிட்டார்கள். பிறகு ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸராக இருந்த நடராஜனைக் கல்யாணம் செய்துகொண்டு டவுனுக்கு வந்தார். காஜா பேராங் தமிழ்ப் பள்ளியில் சின்ன வகுப்புகள் அவருக்குக் கிடைத்தன. பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை, கோழிகள் குறுக்கே நடக்கும் முற்றம். வாழ்க்கை அப்படியே போயிருக்கும், ஜப்பான்காரர்கள் வராமல் இருந்திருந்தால்.

அவர்கள் வந்தபோது ஊரே பயந்தது. அதனால் சாரதாம்பாளின் தனிச்சிறப்பு கொஞ்சக் காலம் எடுபடவில்லை. அப்புறம் ஊர் பழகிக்கொண்டது. அரிசி இல்லாததற்குப் பழகியது, மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குக்குப் பழகியது, சாக்குத் துணியில் சட்டை தைத்துக்கொள்ளக்கூடப் பழகியது. சாரதாம்பாள் மட்டும் பழகவில்லை. தன் பயத்தை அவர் வாடாமல் வைத்திருந்தார்.

பள்ளியில் டீச்சர் போய் 'சென்செய்' வந்தது. அதிகாரிகள் இருக்கும்போது மட்டும். காலையில் எல்லோரும் வரிசையாக நின்று, சக்கரவர்த்தி இருக்கும் கிழக்குத் திசையைப் பார்த்து இடுப்பு மடங்கக் குனிந்து வணங்க வேண்டும். அதில்தான் ஒரு சிக்கல். பள்ளிக்குக் கிழக்கே, வேலிக்கு அப்பால் இருந்த பழைய ரப்பர் கிடங்கை ராணுவம் எடுத்து லோரிக் கொட்டகையாக்கியிருந்தது. வேலியை ஒட்டிப் பெட்ரோல் பீப்பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வைத்திருந்தார்கள். ஆக, பள்ளிக்கூடம் முழுக்கத் தினமும் பீப்பாய்களைத்தான் பயபக்தியோடு கும்பிட்டது.

மற்றவர்கள் குனியும்போது கண்ணை மூடிக்கொள்வார்கள். சாரதாம்பாள் மூடவில்லை. குனிந்த தலையோடு வேலி இடுக்கில் பார்த்தார். பீப்பாய்களுக்குப் பக்கத்திலேயே லோரி ஓட்டிகள் கல்லடுப்பு மூட்டிக் கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தீக்குச்சியைக் கிழித்து சிகரெட் பற்றவைத்துவிட்டுக் குச்சியைத் தோளுக்குப் பின்னால் எறிந்தான். வேலிக்கு இந்தப்பக்கம் ஓலைக்கூரை. கூரைக்குக் கீழே பிள்ளைகள். அன்று அவருக்கு வந்த பயம் இடிக்கு வரும் பயம் போல வந்துவிட்டுப் போகவில்லை. வந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

தலைமையாசிரியர் கலியாணசுந்தரத்திடம் போய்ச் சொன்னார். நல்ல மனிதர்; சட்டம் எழுதியவனைவிடச் சட்டத்தை அதிகம் மதிப்பவர். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, பீப்பாயை நகத்தி வைக்கச் சொல்லணும்னு சொல்றீங்க. நியாயம்தான். அவங்ககிட்ட நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். பிறகு இருவரும் அவரவர் வகுப்புக்குப் போனார்கள்.

அந்த நிலையில்தான் உத்தரவு வந்தது. எதிரி விமானங்கள் வரக்கூடும். ஒவ்வொரு பள்ளியும் பதுங்குகுழி வெட்டிப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். அதிகாரி வந்து பார்ப்பார். ஊரே முணுமுணுத்தபோது சாரதாம்பாள் ஒருவர்தான் சந்தோஷப்பட்டார். விமானம் வருகிறதோ இல்லையோ, குழி வருகிறதே. பீப்பாய் வெடித்தால் பூமிக்குக் கீழே இருப்பவனுக்கு ஆபத்துக் குறைவு என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம், பயம் போதும்.

கிழக்கே வெட்டலாம் என்றார் தலைமையாசிரியர். மேற்கே மேட்டில்தான் வெட்ட வேண்டும், பள்ளத்தில் வெட்டினால் முதல் மழைக்கே குளமாகிவிடும் என்று சாரதாம்பாள் சாதித்தார். தண்ணீர் பாதிக் காரணம். பீப்பாய்களிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் என்பது மீதிக் காரணம். பெற்றோர்களைக் கூப்பிட்டு வெட்டச் சொன்னார்கள். செம்மண் மேட்டில் வளைந்து வளைந்து போகும் நீளமான குழி. ஓரம் சரியாமல் தென்னந்துண்டு முட்டுக்கொடுத்து, இறங்க மண்படி வைத்து, ஒரு பக்கத்துக்கு ஓலை வேய்ந்தார்கள். எல்லோரையும்விட அதிகம் வெட்டியவர் மாட்டுவண்டிக்கார மருதப்பன். அவர் மகள் ஜெயா சாரதாம்பாளின் வகுப்பில் படித்தாள். வெட்டும்போது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்தது மணி. பள்ளியின் வெண்கல மணியை ஜப்பான்காரர்கள் எப்போதோ கொண்டுபோயிருந்தார்கள். அதற்குப் பதிலாகத் தலைமையாசிரியர் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். தம்பின் ஊருக்குப் போகும் ரயில் பாதை முழுவதையும் பெயர்த்துச் சயாமுக்கு அனுப்பிவிட்ட காலம் அது. மிச்சமிருந்த இந்தத் துண்டின் சத்தம் கேட்டு அதையும் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று அவருக்குக் கவலை. ஆகவே அடிக்கும் கட்டையில் துணி சுற்றிவைத்திருந்தார். விமானம் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டுமே அடிக்க வேண்டும் என்பது சட்டம். பயிற்சிக்கு மட்டும் விலக்கு.

முதல் பயிற்சி நடந்தது. அது நடந்ததே யாருக்கும் தெரியவில்லை. கலியாணசுந்தரம் வியர்க்க வியர்க்க அடித்தார். பக்கத்தில் படுத்திருந்த ஆடுகூடக் காதை அசைக்கவில்லை.

இரண்டாம் பயிற்சிக்குச் சாரதாம்பாள் துணியை அவிழ்த்துவிட்டார். இந்த முறை எல்லோருக்கும் கேட்டது. பிள்ளைகள் விழுந்தடித்து ஓடினார்கள், குழியைத் தவிர எல்லா இடத்துக்கும். ஒரு கூட்டம் மாரியம்மன் கோவிலுக்கு ஓடியது. ஒரு கூட்டம் வீட்டுக்கே போய்விட்டது. இரண்டு பையன்கள் கொய்யா மரத்தில் ஏறி, ஏறியதற்குக் கூலியாகப் பழத்தையும் பறித்துத் தின்றார்கள். ஜெயா கிணற்றடித் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். உத்தரவுப்படி குழிக்குள் இறங்கியவர் சாரதாம்பாள் மட்டும்தான். அங்கே முன்பே ஒரு தவளை பதுங்கியிருந்தது. இருவரும் பயிற்சி முடியும்வரை அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

மேலே வந்த டீச்சர் கோபப்படவில்லை. இவ்வளவு பிள்ளைகள் ஒரே மாதிரி தப்புச் செய்தால் அது தப்பு இல்லை, யாரோ சொல்லிக்கொடுத்த பாடம் என்பது அவருக்குத் தெரியும். ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தார். கடைசியில் ஜெயாதான் வாயைத் திறந்தாள்.

"ஜப்பான்காரன் வெட்டச் சொன்ன குழியில எறங்கினா மேலேருந்து மண்ணத் தள்ளிடுவாங்களாம் டீச்சர். அப்பா சொன்னாங்க. அம்மன் மேல சத்தியம் வாங்கிட்டாங்க."

விசாரித்தால் எல்லா வீட்டிலும் அதே சத்தியம். பகலில் குழியை வெட்டிக்கொடுத்த அப்பன்மார்கள் வீட்டுக்குப் போய், செத்தாலும் அதில் இறங்காதே என்று பிள்ளைகளிடம் கையடித்து வாங்கியிருக்கிறார்கள். காலம் அப்படி. ஆட்களைக் கொண்டே குழி தோண்டவைத்து அதிலேயே அவர்களைத் தள்ளி மூடிய கதைகள் ஊருக்கு ஊர் உலவிக்கொண்டிருந்தன.

சாயங்காலம் மருதப்பனைத் தேடிப் போனார். அவர் வண்டியை அவிழ்த்துவிட்டு மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் பீப்பாய்களைப் பற்றிச் சொன்னார், ஓலைக்கூரையைப் பற்றிச் சொன்னார், லோரி ஓட்டி எறிந்த தீக்குச்சியைப் பற்றிச் சொன்னார். மருதப்பன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டபின் புல்லை உதறினார்.

"தம்பின் ரோட்டுல நான் வண்டி ஓட்டுறவன் டீச்சர். என்னத்தப் பாத்தேன்னு உங்ககிட்டச் சொல்லமாட்டேன். ஏற்கெனவே பயந்த ஆளு நீங்க."

சாரதாம்பாள், "அந்தக் குழி அப்படியில்லண்ணே. புள்ளைங்களுக்கு அது இன்னொரு வீடு மாதிரி" என்றார்.

மருதப்பன் சிரித்துவிட்டார். "வீடா? எப்பப் பால் காய்ச்சினீங்க? எனக்குச் சொல்லவே இல்லையே."

மாடுகூடத் திரும்பிப் பார்த்தது. டீச்சர் விடைபெற்றுக்கொண்டு நடந்தார். பாதி வழியில், மலாய் பேசும் பழைய தமிழ் வம்சமான சிட்டிக் குடும்பத்து மல்லிகாவின் வீட்டு வாசலில், தனியாக நின்று சிரிக்கத் தொடங்கினார். மல்லிகா வெளியே வந்து என்னவென்று மலாயில் விசாரித்தாள். தமிழ் அவளுக்குச் சாமி கும்பிட மட்டும்தான். சாரதாம்பாள் மலாயிலேயே பதில் சொன்னார்: புது வீட்டுக்குப் பால் காய்ச்சப் போகிறேன், உன் பெரிய மண்பானை வேண்டும், வாழைக்கன்று இருந்தால் அதுவும் வேண்டும்.

மறுநாளே டீச்சர் வீடுவீடாகப் போய் அழைக்க ஆரம்பித்தார். வெற்றிலை கிடைக்காத காலம். மஞ்சள் துண்டு ஒன்றை நீட்டி, வெள்ளிக்கிழமை காலையில் புதுமனைக்குப் பால் காய்ச்சுகிறோம், குடும்பத்தோடு வர வேண்டும் என்று முறையாகச் சொன்னார். எந்த வீடு டீச்சர் என்று ஆவலாகக் கேட்டார்கள். "மேட்டு வீடு. நல்ல விசாலம். வாசப்படி மட்டும் மேல ஏறாம கீழ எறங்கும்" என்றார். விஷயம் புரிந்தபோது அவர் அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார். மஞ்சளைக் கையில் வாங்கியாகிவிட்டது. வாங்கியபின் பால் காய்ச்சும் வீட்டுக்குப் போகாமல் இருப்பது எவ்வளவு பெரிய அவமரியாதை என்பது காஜா பேராங்கில் எல்லோருக்கும் தெரியும். சாவு வீட்டுக்குக்கூட ஒரு காரணம் சொல்லித் தப்பிக்கலாம்.

பால்தான் பிரச்சினையானது. பசும்பால் அதிகாரிகளுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டுமே. தேங்காய்ப்பால் ஆகுமா என்று பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து விவாதித்தார்கள். விவகாரம் கோவில் பண்டாரம் சேதுபதியிடம் போயிற்று. அவர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்தார். "மாடு கறந்ததா, மரம் கறந்ததான்னு சாமி கேக்கப்போறதில்ல. பொங்குச்சுன்னா பால்" என்று தீர்ப்புச் சொன்னார். பொங்கும் என்று சாரதாம்பாள் வீட்டில் ஏற்கெனவே காய்ச்சிப் பார்த்துவிட்டார்.

கலியாணசுந்தரம் மட்டும் உத்தரவை எடுத்துக் காட்டினார். பிள்ளைகளைக் குழிக்குப் பழக்க வேண்டும் என்பதுதானே உத்தரவு, இது பழக்கம்தானே என்றார் டீச்சர். "நான் எதையும் பார்க்கலை" என்றார் தலைமையாசிரியர். பார்க்காமல் இருப்பதற்கு வசதியாக வாசல் கேட்டில் ரோட்டைப் பார்த்து நிற்பதாகவும், யாராவது அதிகாரி வந்தால் பலமாக இருமுவதாகவும் ஒப்புக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. மண்படியின் இரண்டு பக்கமும் மல்லிகா கொடுத்த வாழைக்கன்றுகள். மாவிலைத் தோரணம். அரிசி மாவை மண்ணில் கொட்டுவது பாவம் என்பதால் அடுப்புச் சாம்பலில் கோலம். முறைப்படி உப்பு, மஞ்சள், குடம் தண்ணீர் முதலில் உள்ளே போயின. தோரணத்தைக் கண்டதும் பெண்களின் கால்கள் தானாகவே வலதை முன்னால் வைத்தன. உள்ளே போன பெண்கள் வழக்கம்போல வீட்டைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்தார்கள். காற்றோட்டம் போதாதாம், சமையலறை தென்கிழக்கில் வந்திருக்க வேண்டுமாம். சாரதாம்பாளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. குறை சொல்கிறார்கள் என்றால் வீடு என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

பிள்ளைகள் அம்மாக்களின் சேலையைப் பிடித்தபடி இறங்கினார்கள். ஜெயாவும் அவள் அம்மா ருக்மணியோடு இறங்கினாள். ஆண்களில் சிலர் இறங்கினார்கள். மருதப்பன் மட்டும் வந்தார், இறங்கவில்லை. அழைப்பை மதித்து வந்தாயிற்று, உள்ளே வரவேண்டும் என்று கட்டாயமில்லை என்பதுபோல விளிம்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வளைவில் செங்கல் அடுப்பு புகைந்தது. பானை மெல்லச் சூடேறியது.

அப்போதுதான் அதிகாரி வந்தார். கூடவே மொழிபெயர்ப்பாளர் முத்தையா. செட்டியாரின் வட்டிக்கடைக் கிட்டங்கியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர், ஜப்பானிய மொழியைச் சட்டென்று கற்றுக்கொண்டு இந்த வேலைக்கு வந்தவர். கேட்டில் கலியாணசுந்தரம் இருமத்தான் நினைத்தார். ஆனால் அதிகாரியைக் கண்டதும் இடுப்பு முந்திக்கொண்டது. தலை முழங்காலில் இடிக்கும் அளவுக்குக் குனிந்த நிலையில் இருமினால் அது வயிற்றுக்குள்ளேயே தங்கிவிடுகிறது என்பதை அன்று தெரிந்துகொண்டார்.

பின்பக்கம் புகை வருவதைப் பார்த்து அதிகாரி நேராக மேட்டுக்கு வந்தார். பூட்ஸ் சத்தம் கேட்டுக் குழிக்குள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். மேலே, வானத்தை மறைத்துக்கொண்டு, இடுப்பில் வாளோடு ஜப்பான்காரன். கீழே, மண்ணுக்குள் தாங்களும் பிள்ளைகளும். ஒவ்வொரு வீட்டிலும் இருட்டில் சொல்லப்பட்ட கதை அப்படியே உருவெடுத்து விளிம்பில் நின்றது. மருதப்பனின் முகம் செத்துப்போயிருந்தது. இன்னும் ஒரு கணம் போயிருந்தால் அவர் அதிகாரியின் மேல் பாய்ந்திருப்பார். அதன் பிறகு நடப்பதைச் சொல்ல யாரும் மிஞ்சியிருக்கமாட்டார்கள்.

சாரதாம்பாளுக்கு மேசையும் இல்லை, அடியில் புக. ஆனால் வீட்டுக்காரி அவர்தான். விருந்தாளி வாசலில் நிற்கிறார். பயத்தில் மூளை வேலை செய்யாதபோது பழக்கம் வேலை செய்தது. இரண்டு கையையும் கூப்பினார்.

"வாங்க. புது வீடு. வாசல்ல நிக்கக் கூடாது, உள்ள வாங்க" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

அதிகாரி முத்தையாவைப் பார்த்தார். முத்தையா குழி என்று சொல்லுவதா, சடங்கு என்று சொல்லுவதா, இல்லை ஓடிவிடுவதா என்று ஒரு வினாடி தடுமாறி, டீச்சர் சொன்னதை உள்ளபடியே ஜப்பானிய மொழியில் சொல்லிவிட்டார்: புதிய வீடாம், முதல் அடுப்பு ஏற்றியிருக்கிறார்களாம், உங்களை உள்ளே அழைக்கிறார்கள்.

அதிகாரி தோரணத்தைப் பார்த்தார், கோலத்தைப் பார்த்தார், பானையைப் பார்த்தார். பிறகு காஜா பேராங் அதற்கு முன்னும் பின்னும் பார்த்திராத ஒன்றைச் செய்தார். விளிம்பில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். கழற்றிய ஜோடியைத் திருப்பி அழகாகச் சேர்த்து வைத்தார். அவர் ஊரிலும் வீட்டுக்குள் யாரும் காலணியோடு நுழைவதில்லை. ஒரு பக்கம் கட்டைவிரல் எட்டிப் பார்க்கும் காலுறையோடு மண்படியில் இறங்கி, பிள்ளைகள் நகர்ந்து கொடுத்த இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

மருதப்பன் அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குள் கணக்கு ஓடியது. சொந்த அதிகாரி உள்ளே உட்கார்ந்திருக்கும்போது எவன் மண்ணைத் தள்ளுவான்? கட்டியிருந்த கையை அவிழ்த்தார். தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வலது காலை முன்னால் வைத்து இறங்கி மகளுக்குப் பக்கத்தில் குத்தவைத்தார்.

சரியாக அப்போது பால் பொங்கியது. பெண்கள் எல்லாவற்றையும் மறந்து குலவையிட்டார்கள். அதிகாரி அபாயச் சங்கு என்று நினைத்துத் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குனிந்தார். பிள்ளைகள் அதைப் பார்த்து, அதுதான் முறை போலிருக்கிறது என்று தாங்களும் தலையை மூடிக் குனிந்தார்கள். நிமிர்ந்து பார்த்த அதிகாரிக்குப் பரம திருப்தி. இவ்வளவு கட்டுப்பாடான பயிற்சியை வேறு எந்தப் பள்ளியிலும் பார்க்கவில்லை என்று முத்தையா மூலம் சொன்னார். தேங்காய்ச் சிரட்டையில் கொடுத்த பாலைக் குடித்தார். கேட்டில் இன்னும் குனிந்தே இருந்த கலியாணசுந்தரத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அதன்பின் பிள்ளைகளைக் குழிக்குள் அனுப்புவது பிரச்சினையாக இல்லை. வெளியே எடுப்பதுதான் பிரச்சினையானது. கல்லாங்காய் அங்கேதான், கண்ணாமூச்சி அங்கேதான். மத்தியானக் கிழங்குக் கஞ்சியை அங்கேயே ஊற்றச் சொன்னார் சாரதாம்பாள். கஞ்சிக்கு ஓடிய பாதை கால்களுக்குப் பாடமாகிவிட்டது.

விமானம் வரவேயில்லை. எங்கோ உயரத்தில் வெள்ளிப் புள்ளியாக எப்போதாவது போயிருக்கலாம். காஜா பேராங்கை அவை மதித்துக் குனிந்து பார்த்ததில்லை. வந்தது வேறு. மழையே காணாத ஒரு மாதத்தில், காலைக் கணக்குப் பாடத்தின்போது, கிழக்கு வேலிக்கு அப்பால் ஒருவன் ஏதோ கத்திக்கொண்டு ஓடினான். அடுத்த நொடி ஒரு பீப்பாய் வெடித்தது.

கலியாணசுந்தரம் கட்டையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார். ஓடி, வானத்தைப் பார்த்தார். விமானம் எதுவும் தெரியவில்லை. விமானம் தெரியாமல் அடிக்கக் கூடாது. கட்டையைத் தூக்கியபடி திசை திசையாகத் தேடினார்.

சாரதாம்பாள் வானத்தைப் பார்க்கவில்லை. மேசையையும் பார்க்கவில்லை. சத்தம் கேட்டதும் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு மேட்டை நோக்கிப் பறந்தார். பிள்ளைகளைக் கூப்பிடக்கூட இல்லை என்பதை அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். கூப்பிடத் தேவையும் இருக்கவில்லை. தாய்க்கோழிக்குப் பின்னால் குஞ்சுகள் போல வகுப்பு முழுக்கப் பின்னாலேயே வந்தது. கால் நீண்ட சில பையன்கள் அவரை முந்திக்கொண்டும் போனார்கள். எல்லா வகுப்புகளும் குழிக்குள் இறங்கித் தலையை மூடிக் குனிந்தன. டீச்சர் ஒவ்வொரு தலையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனார். ஜெயா இருந்தாள். எல்லோரும் இருந்தார்கள். தலைமையாசிரியர் மட்டும் இல்லை.

படியில் தலையை நீட்டி, வாழ்நாளில் முதல் முறையாக அவரே ஒரு சத்தம் போட்டார். "ஐயா, மேல பாக்காதீங்க, பக்கத்துல பாருங்க!"

கலியாணசுந்தரம் பக்கத்தில் பார்த்தார். வேலி எரிந்துகொண்டிருந்தது. அவர் குழிக்கு வந்து சேர்ந்தபோது, அந்த அவசரத்திலும் அவிழ்த்தெடுத்த தண்டவாளத் துண்டு கக்கத்தில் இருந்தது. அவர் உள்ளே விழுந்த மறு நிமிஷம் மற்றப் பீப்பாய்கள் ஒன்றையொன்று பார்த்து வெடித்தன. தலைக்கு மேல் ஏதேதோ விசிறிக்கொண்டு பறந்தது. ஓலைக்கூரை ஒரே மூச்சில் பற்றியது.

அடங்கிய பிறகு போய்ப் பார்த்தார்கள். பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் கரித்தூண்கள். சாரதாம்பாளின் மேசை இரண்டாகப் பிளந்து கிடந்தது. நடுவில் ஒரு பீப்பாய் நசுங்கி உட்கார்ந்திருந்தது. டீச்சர் அதைச் சுற்றிவந்து பார்த்தார். மருதப்பன் வண்டியை நடுரோட்டில் விட்டுவிட்டு ஓடிவந்து, குழி விளிம்பில் நின்று உள்ளே பார்த்தார். ஜெயா கீழேயிருந்து கையசைத்தாள். அவரும் கையசைத்தார்.

மறுநாள் பள்ளி குழிக்குள் நடந்தது. வேறு இடம் கிடைக்கும்வரை அங்கேதான் நடந்தது.

ஜப்பான்காரர்கள் போய் வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்ததும், ஊரில் உள்ள பதுங்குகுழிகளை எல்லாம் மூடச் சொன்னார்கள். மண்வெட்டியோடு ஆட்கள் மேட்டுக்கு வந்தபோது விளிம்பில் மருதப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், முன்பு நின்ற அதே இடத்தில்.

"பால் காய்ச்சின வீடு இது. இதுல மண்ணத் தள்ளுவீங்களா?" என்று கேட்டார்.

வந்தவர்களும் தமிழர்கள்தான். தயங்கினார்கள். டீச்சரையே கேட்டுவிடலாம் என்று அவர்களில் ஒருவர் சொன்னார். இப்போதுதானே இங்கே நின்றார் என்று எல்லோரும் திரும்பித் தேடினார்கள். அந்நேரம் பார்த்துத் தூரத்தில் செங் ஊர்ப் பக்கம் வானம் லேசாக உறுமியது.

சாரதாம்பாள் ஏற்கெனவே குழிக்குள் இருந்தார். அங்கிருந்து பிரம்பு மட்டும் வெளியே வந்து, கூடாது என்று ஆடியது.